மதிலுக்கு அப்பாலிருந்து வரும் கடிதம்

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபத்தின் கருங்கற் சுவர்களில், முதலாம் பராந்தக சோழனுடைய பன்னிரண்டாம் ஆட்சியாண்டிலும் பதினான்காம் ஆட்சியாண்டிலும், அதாவது கி.பி. 919-லும் 921-லும், ஊர்ச்சபையார் பொறித்து வைத்த சாசனங்களைப் பார்ப்பதற்கென்று எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வருகிறார்கள். ஊர்க்காரர்களாகிய நாங்களும், முப்பது குடும்புகளாக ஊரைப் பகுத்த முறையையும், தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்த நேர்மையையும், சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் என்று பொறுப்புகளைப் பிரித்துக் கொடுத்த திறத்தையும் பெருமிதத்தோடு எடுத்துச் சொல்லுகிறோம். அந்தப் பெருமை நியாயமானதே. ஆயினும் அதே கல்லில், யார் யாருடைய பெயரை ஓலையில் எழுதலாகாது என்று விதிக்கும் பகுதியை நிதானமாகப் படித்துப் பார்ப்பவர்கள் சிலரே. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமற் போனவனை விலக்கியதோடு சபையார் நிற்கவில்லை. சிற்றன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், மாமனார், மருமகன் என்று அவனுடைய உறவுமுறை நெடுகச் சென்று அத்தனை பேரையும் விலக்கினார்கள். பாவம் செய்து, அதற்குரிய பிராயச்சித்தத்தையும் செய்து முடித்துச் சுத்தரானவர்களுங்கூட, உயிருள்ளவரை ஓலையில் பெயர் எழுதப்படும் தகுதியை அடையமாட்டார்கள் என்றும் தீர்த்துவிட்டார்கள்.

பொதுச்சொத்தைக் காக்க விரும்பிய ஒரு சபைக்கு இந்தக் கடுமை அவசியமாக இருந்திருக்கலாம். அதனைக் குறைகூறுவது என் நோக்கமன்று. ஆனால் சிட்சையை அனுபவித்து முடித்தவனையும், அவன் செய்த குற்றத்தில் பங்கே இல்லாத சுற்றத்தாரையும் ஒதுக்கி வைக்கும் வழக்கம் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் நம்மிடையே உயிரோடு இருக்கிறது. அண்ணன் ஜெயிலில் இருக்கிறான் என்றால் தங்கைக்கு வரன் தகைவது கஷ்டம். அப்பன் உள்ளே இருக்கிறான் என்றால் பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்குப் பட்டப்பெயர். சட்டமும் தன் பங்குக்கு, 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62-ஆம் பிரிவில், சிறையில் இருப்பவருக்கு ஓட்டுரிமை இல்லை என்கிறது; குற்றம் நிரூபிக்கப்பட்டவர், விசாரணைக்காகக் காத்திருப்பவர் என்ற பேதத்தையும் அது பாராட்டுவதில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டின் முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர், அதாவது நூற்றுக்கு எழுபத்தைந்து பேருக்கும் மேல், இன்னும் தீர்ப்புச் சொல்லப்படாத விசாரணைக் கைதிகள் என்பதை நினைத்தால் இந்தப் பேதமின்மையின் பாரம் விளங்கும்.

பெயர் ஓலையில் ஏறாத இத்தகைய மனிதனுக்குத் தன் குரலென்று என்ன எஞ்சியிருக்கிறது? அவனைப் பற்றி எழுதப்பட்ட காகிதங்களுக்குக் குறைவில்லை. முதல் தகவல் அறிக்கை, வாக்குமூலம், குற்றப்பத்திரிகை, ரிமாண்டு உத்தரவு, சிறைப் பதிவேடு ஆகிய யாவும் அவனைப் பற்றியனவே. ஒன்றேனும் அவன் தானாக விரும்பித் தன் மொழியில் எழுதியதன்று. அவன் ‘நான்’ என்று தொடங்கித் தன் கையால் ஒரு பக்கம் எழுதுகின்ற அந்த நேரத்தில்தான் வழக்கு எண்ணாக இருந்தவன் பதில் சொல்லத்தக்க மனிதனாகிறான். ஆகையால் சிறையில் இருப்பவர்களுக்குக் காகிதமும், எழுதுகோலும், எழுதுவதற்குரிய அவகாசமும் கொடுப்பதைச் சலுகை என்று கருதாமல், சோறும் தண்ணீரும் போலச் சமூகம் செலுத்தவேண்டிய கடன் என்றே நான் கருதுகிறேன். அந்தக் கடனில் எழுதியவனுக்குப் பதில் எழுதுவதும் அடங்கும். நாம் பெரிதும் மறந்திருப்பதும் அதுவே.

ஏரிக்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து புழல் சிறைக்கு மகனை மனு போட்டுப் பார்க்கப் புறப்படும் ஒரு தாயாரை எண்ணிப் பாருங்கள். கூலிவேலையை ஒரு நாள் விட்டு, விடியுமுன் எழுந்து, பேருந்து மாறி மாறிப் போய், வரிசையில் நின்று, ஆதார் அட்டையைக் காட்டி, தடுப்புக்கு இப்புறம் நின்றுகொண்டு, இரண்டு பக்கமும் பலர் ஒரே சமயத்தில் உரத்துப் பேசும் அந்தக் கூச்சலில் அவளால் கேட்க முடிந்தது என்ன, சொல்ல முடிந்தது என்ன? “சாப்பிட்டாயா?”, “வக்கீல் என்ன சொன்னார்?”, “உடம்பைப் பார்த்துக்கொள்” என்பதற்குள் நேரம் முடிந்துவிடும். தொலைபேசி வசதி வந்திருப்பது நன்மையே. ஆனால் அளந்து கொடுக்கப்பட்ட சில நிமிஷங்களில் அவசரமான காரியங்களைத்தான் பேசலாமே தவிர, மனத்தில் நெடுநாளாகக் கிடப்பதைப் பேச இயலாது. கடிதமோ நிதானமானது, எழுதும்போது அடித்துத் திருத்த இடங்கொடுக்கும், வந்து சேர்ந்த பிறகு பத்துத் தடவை படிக்கக் கிடைக்கும், படிக்கத் தெரியாத தாயாருக்கு அண்டை வீட்டுப் பெண் படித்துக் காட்ட, அவள் கேட்டு, மடித்து, அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துக்கொள்ளலாம். நேரில் சொல்ல நாக்கு எழாத ‘மன்னித்துவிடு’ என்ற வார்த்தையைக் காகிதம் சொல்லிவிடும்.

சிறையில் எழுத்து ஒரு மனிதனை எவ்வாறு காப்பாற்றும் என்பதற்கு நமக்கு வ.உ. சிதம்பரம் பிள்ளையைக் காட்டிலும் மேலான சாட்சி வேண்டியதில்லை. 1908-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் நீதிபதி பின்ஹே அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனையை, நாற்பது ஆண்டுகளை, விதித்தார். பின்னர் மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டதாயினும், கோயம்புத்தூர்ச் சிறைக்குள் நுழைந்தபோது அவர் முன்னே தெரிந்தது ஒரு முழு ஆயுளின் இருட்டு. கப்பல் ஓட்டியவர், வக்கீல், தூத்துக்குடியில் செல்வாக்கோடு வாழ்ந்தவர். அவருடைய கைகளைச் சணல் கிழிக்கும் இயந்திரத்தில் வைத்தார்கள். உள்ளங்கைத் தோல் உரிந்தது. பின்பு மாடு இழுக்கவேண்டிய செக்கை இழுக்கச் செய்தார்கள். அந்தக் கைகளாலேயே அவர் அங்கு எழுதினார் என்பதை நாம் செக்கைப் பற்றிப் பேசும் அளவுக்குப் பேசுவதில்லை. ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கிலேய ஆசிரியரின் சிறு நூலை ‘மனம் போல வாழ்வு’ என்று தமிழில் ஆக்கினார். தம்மைச் சிறைப்படுத்திய இனத்தவன் ஒருவன் எழுதியதாயினும், அதில் தம் மனத்துக்கு ஊன்றுகோலாக ஒரு கருத்தைக் கண்டு, அதைத் தம் ஜனங்களுக்கும் கொடுக்கவேண்டுமென்று விரும்பிய அந்தப் பெருந்தன்மை, செக்கடியிலிருந்து எழுந்த பெருந்தன்மையல்லவா?

பின்னர்க் கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றப்பட்டபோது நிகழ்ந்தது இன்னும் விசேஷமானது. அங்கே அவரைச் சூழ்ந்திருந்தவர்கள் தேசபக்தர்களல்லர். பலவிதக் குற்றங்களுக்காக வந்த சாதாரணக் கைதிகள். அவர்கள் அவரை அணுகி அறம் உரைக்குமாறு வேண்டினார்கள். அந்த வேண்டுதலிலிருந்தே ‘மெய்யறிவு’ வெண்பாக்கள் பிறந்தன. 125 அதிகாரங்கள் கொண்ட ‘மெய்யறம்’ என்ற நூலும் அந்தச் சிறையிற் செய்யப்பட்டதே. அது மாணவரியலில் தொடங்குகிறது. ஒரு கவி சிறைக்குள் உட்கார்ந்து அறநூல் செய்வது பழைய மரபுதான். கேட்பவர்கள் கைதிகள், கேட்டதும் கைதிகள், அதனால் எழுந்தது நூல் என்னும் இந்த வரிசைதான் புதிது. எழுதுகிறவருக்கு ஒரு சபையும், கேட்கிறவர்களுக்கு ஓர் ஆசிரியரும் கிடைத்த இடம் சிறைக்கூடமே. 1915-இல் வெளியான அவருடைய ‘பாடற்றிரட்டின்’ இரண்டாம் பகுதியும் சிறையில் இயற்றப்பட்டது. அதிலுள்ளவற்றிற் பல, உற்றாருக்கும் நண்பர்களுக்கும் செய்யுளாகவே எழுதிய கடிதங்கள். சிறையின் கட்டுப்பாடும் செய்யுளின் கட்டுப்பாடும் சேர்ந்து அழுத்தியபோதும், அவர் மனம் வீட்டைத் தேடிச் சென்ற வழியை அப்பாடல்களில் நாம் தடம்பிடித்துப் போகலாம்.

அவருக்குப் பின் வந்தவர்களை விரைந்து சொல்லிவிடலாம். 1921 டிசம்பர் முதல் 1922 மார்ச் வரை வேலூர்ச் சிறையில் இருந்த ராஜாஜியின் நாட்குறிப்பும், 1930 முதல் 1933 வரை பல சிறைகளிலிருந்து ஜவாஹர்லால் நேரு தம் மகளுக்கு உலக சரித்திரத்தைச் சொல்லி எழுதிய 196 கடிதங்களும் எல்லோரும் அறிந்தவை. எங்கள் ஜில்லாத் தலைநகரில் பிறந்த அண்ணாதுரை, 1963-இல் மொழிப்போராட்டத்துக்காகச் சிறைப்பட்டு மீண்டபின், அந்த அனுபவங்களைத் தம்பிக்கு எழுதும் மடல்களாகவே ‘காஞ்சி’ வார இதழில் எழுதினார். அதற்கு அவர் இட்ட தலைப்பு ‘கைதி எண் 6342’. சிறை அவருக்கு இட்ட எண்ணையே தலைப்பாக்கி, அதன்கீழ்த் தம் குரலால் பேசினார்.

இவர்களெல்லாம் கல்வியிற் சிறந்த பெரியோர்கள், இவர்களுக்கு எழுத வந்தது, கைநாட்டு வைக்கிறவனுக்கு என்ன வரும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அதற்குச் சிறைக்குள்ளிருந்தே ஒரு பதில் வந்திருக்கிறது. தூக்குத்தண்டனை விதிக்கப்பட்டு, பின்பு அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பெற்ற தோழர் தியாகு, மார்க்ஸின் ‘மூலதனத்தை’ச் சிறையில் இருந்தவாறே தமிழாக்கினார் என்பது ஒரு பெரிய சாதனை. ஆனால் நம் வாசகர்களின் நெஞ்சைத் தொட்டது அதைவிட, ‘ஜூனியர் விகட’னில் அவர் எழுதிய ‘சுவருக்குள் சித்திரங்கள்’ என்ற தொடர். தம்மோடு கொட்டடியில் கிடந்த பெயரற்ற மனிதர்களை, அவர்களுடைய கோபத்தையும் பயத்தையும் நட்பையும், அவர் அதிலே எழுதினார். எழுதத் தெரிந்த ஒருவன் உள்ளே இருந்தால், எழுதத் தெரியாதவர்களும் எழுத்துக்குள் வந்துவிடுகிறார்கள். ஒரு கைதி சொல்ல மற்றொரு கைதி வீட்டுக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கும் வழக்கமும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. சொல்லுகிறவன் தன் கதையை முதன்முதலாக ஒழுங்குபடுத்திச் சொல்லக் கற்கிறான். எழுதுகிறவன் பிறன் துயரத்தைத் தன் கையெழுத்தில் சுமக்கக் கற்கிறான்.

சிறையிலிருந்து போன ஒரு கடிதம் சட்டத்தையே அசைத்த சரித்திரமும் நமக்குண்டு. டில்லி திகார் சிறையில் தூக்குத்தண்டனைக் கைதியாக இருந்த சுனில் பத்ரா என்பவர், தம்மைப் பற்றி அன்று, பிரேம் சந்த் என்ற வேறொரு கைதியை ஒரு தலைமை வார்டர் கொடூரமாகச் சித்திரவதை செய்ததைப் பற்றி, உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்குக் கடிதம் எழுதினார். நீதிமன்ற முத்திரைத்தாள் இல்லை, வக்கீல் இல்லை, மனுவின் இலக்கணம் ஒன்றும் இல்லை. அந்தக் கடிதத்தையே ஆட்கொணர்வு மனுவாக ஏற்றுக்கொண்டது நீதிமன்றம். 1979 டிசம்பரில் நீதிபதி கிருஷ்ணய்யர் வழங்கிய தீர்ப்பில், மாவட்ட மாஜிஸ்திரேட்டும் செஷன்ஸ் நீதிபதியும் சிறைகளைப் பார்வையிட வேண்டுமென்றும், கைதிகள் தங்கள் குறைகளை எழுதிப் போடுவதற்குப் பெட்டிகள் வைக்கவேண்டுமென்றும் உத்தரவாயிற்று. தன் கழுத்துக்குக் கயிறு காத்திருக்கும்போது இன்னொருவனுக்காகப் பேனாவை எடுத்த அந்த மனிதனைப் பற்றி நான் நினைக்கும்போதெல்லாம், எழுத்தின் பயன் என்ன என்று விவாதிப்பதே சிறுமையாகத் தோன்றுகிறது.

அதற்கு முன்பே, 1965-இல், பம்பாய்ச் சிறையில் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வைக்கப்பட்டிருந்த பிரபாகர் பாண்டுரங் சன்ஸ்கிரி என்பவர் அணுவின் அகத்தைப் பற்றி மராத்தியில் ஒரு விஞ்ஞான நூல் எழுதி, அதை அச்சிடுவதற்காக மனைவிக்கு அனுப்ப அனுமதி கேட்டார், சர்க்கார் மறுத்தது. காவலில் இருப்பதனால் நூல் எழுதி வெளியிடும் உரிமை போய்விடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து அந்தக் கையெழுத்துப் பிரதிக்கு வழிவிட்டது.

மூன்றாவது வழக்கு எங்கள் பக்கத்தது. எளிதில் ஜீரணிக்கக்கூடியதும் அன்று. 1991-இல் செங்கற்பட்டுக் கிளைச்சிறையில், அப்போது உத்திரமேரூரும் அந்த ஜில்லாவைச் சேர்ந்ததாகவே இருந்தது, ஆறு கொலைகளுக்காக மரண தண்டனை பெற்ற ‘ஆட்டோ’ சங்கர் என்பவர் 300 பக்க அளவில் தம் சுயசரிதையை எழுதினார். அதை ‘நக்கீரன்’ வெளியிட முனைந்தபோது, அப்படி ஒரு சுயசரிதையே அவர் எழுதவில்லை என்றும் வெளியிடலாகாது என்றும் சிறைத்துறையின் உயர் அதிகாரி பத்திரிகைக்கு எழுதினார். அதிகாரிகளைப் பற்றி அவதூறு வரும் என்ற அச்சத்தைக் காட்டி எழுத்தை முன்கூட்டியே தடுக்க அரசுக்கு அதிகாரமில்லை என்றும், வெளியான பின் பொய்யென்றால் வழக்குத் தொடுக்கலாம் என்றும் உச்ச நீதிமன்றம் 1994 அக்டோபரில் தீர்ப்பளித்தது. தனிமனிதனின் அந்தரங்க உரிமையைப் பற்றிய விவாதங்களில் இன்றைக்கும் மேற்கோளாகும் தீர்ப்பு அது. அந்த மனிதர் செய்த குற்றங்களை நினைத்து நெஞ்சு கொதிக்கிறவர்களோடு நானும் ஒருவன். கொல்லப்பட்டவர்களின் சுற்றத்தார்க்கு அந்தப் பக்கங்கள் எவ்வளவு வேதனை தந்திருக்கும் என்பதையும் உணர்கிறேன். ஆயினும் நமக்குப் பிரியமானவர்களின் எழுத்தை மட்டும் மதிலுக்கு வெளியே விடுவது என்றால் அதற்குச் சட்டம் எதற்கு?

எழுத்து குற்றத்தைக் கழுவிவிடும் என்று நான் சொல்லவில்லை. கடிதம் வேறு, சிருஷ்டி இலக்கியம் வேறு என்பதையும் இங்கே சொல்லவேண்டும். கடிதத்தில் ஒருவன் தானாகவே இருந்து பேசுகிறான். கதை எழுதும்போது பிறனாக ஆகவேண்டியிருக்கிறது. கத்தியை எடுத்தவன், அந்தக் கத்தி பாய்ந்த வீட்டின் மனைவியாக நின்று ஒரு பக்கமேனும் எழுத முயன்றால், அவள் அன்று காலையில் என்ன சமைத்துக்கொண்டிருந்தாள், செய்தி வந்தபோது அடுப்பில் என்ன இருந்தது, யார் முதலில் சொன்னார்கள் என்பதையெல்லாம் அவன் கற்பனை செய்தாகவேண்டும். எந்த நீதிபதியும் அவனை அந்த வீட்டுக்குள் அழைத்துப்போக முடியாது, போலீஸ்காரரும் முடியாது. அவனே கதவைத் திறந்துகொண்டு போகவேண்டும். இந்தப் பயிற்சியைக் கொடுக்கும் ஆசிரியர், எழுத்துப் பிழையைத் திருத்துவதோடு நிற்காமல், ‘அவள் அப்போது என்ன நினைத்திருப்பாள்?’ என்று திரும்பத் திரும்பக் கேட்கும் பொறுமையுடையவராக இருத்தல் வேண்டும்.

பிறநாடுகளில் இதற்கான ஏற்பாடுகள் பல நடைபெறுகின்றன. 1937-இல் ஸ்பெயின் நாட்டுச் சிறையில் மரணத்தை எதிர்நோக்கிக் கிடந்து தப்பிய ஆர்தர் கோஸ்லர் என்ற எழுத்தாளர், 1962-இல் பிரிட்டனில் கைதிகளின் கலைகளுக்கும் எழுத்துக்கும் பரிசளிக்கும் ஒரு திட்டத்தை நிறுவினார்; அது இன்றும் நடக்கிறது. பிரேசில் தேசத்திலோ 2012-ஆம் ஆண்டு முதல், ஒரு புத்தகத்தைப் படித்து அதைப் பற்றிக் கட்டுரை எழுதும் கைதிக்குத் தண்டனையில் நான்கு நாட்கள் குறைக்கப்படுகின்றன. ஆண்டுக்குப் பன்னிரண்டு புத்தகங்கள், நாற்பத்தெட்டு நாட்கள். இத்திட்டத்தில் எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. எழுதிய பக்கத்துக்கு நாட்கணக்கில் விலை வைத்தால், எழுதுகிறவன் தன் மனத்தைப் பார்த்து எழுதாமல் பரீட்சகருடைய முகத்தைப் பார்த்து எழுதத் தொடங்கிவிடுவானோ என்று அஞ்சுகிறேன். ஆனாலும் புத்தகமும் காகிதமும் அதன் பெயரால் கொட்டடிக்குள் நுழைந்தனவே. அதற்காக அதனை வாழ்த்தவும் செய்கிறேன்.

நம் மாநிலத்தில் 2023-ஆம் ஆண்டுச் சென்னைப் புத்தகக் காட்சியில் சிறைத்துறையினர் ‘கூண்டுக்குள் வானம்’ என்ற பெயரில் ஓர் அரங்கு அமைத்துச் சிறை நூலகங்களுக்காகப் புத்தகங்களைத் தானமாகப் பெற்றார்கள். வாங்கிய புத்தகத்தில் ஒன்றை அங்கேயே கொடுத்துவிட்டுப் போனவர்கள் பலர். மிக நல்ல காரியம். ஆனால் வானம் உள்ளே போனால் மட்டும் போதுமா, உள்ளிருந்து ஒரு குரலாவது வெளியே வரவேண்டாமா என்று கேட்பது அந்த முயற்சியைக் குறைத்துப் பேசுவதாகாது. ஒவ்வொரு மத்திய சிறையிலும் வாரத்தில் ஒரு நாள் எழுத்துப் பயிற்சி, எழுதியவற்றில் சிறந்தவற்றை ஆண்டுக்கு ஒரு முறை தொகுத்து அச்சிடுதல், அதில் எழுதியவர் விரும்பினால் புனைபெயர் என்ற இவ்வளவும் செய்வதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. தமிழாசிரியர்களில் ஓய்வு பெற்றவர்கள் எத்தனையோ பேர் மனமுவந்து வருவார்கள்.

சிறை அதிகாரி பார்த்த பிறகே கடிதம் போகவும் வரவும் செய்யும் என்பதைச் சொல்லி, ‘யாரோ படிக்கப்போகும் கடிதத்தில் என்ன எழுதுவது?’ என்று கேட்பவர்களைக் கண்டிருக்கிறேன். ஊர்ச் செய்தியை எழுதுங்கள் என்பேன். ஏரி இந்த வருஷம் நிரம்பிற்றா, கலங்கலில் தண்ணீர் போயிற்றா, நவரை நட்டாகிவிட்டதா, யார் வீட்டில் கல்யாணம், பக்கத்து வீட்டுப் பசு என்ன கன்று ஈன்றது, பிள்ளை எத்தனையாவது ரேங்க் என்பவற்றை எந்த அதிகாரியும் வெட்டப்போவதில்லை. உள்ளே இருப்பவனுக்கு வழக்கைப் பற்றிய சேதி வக்கீல் மூலம் வந்துவிடும். ஊர் தன்னை மறக்காமல் இருக்கிறது என்னும் சேதி ஊரிலிருந்துதான் வரவேண்டும். பதில் வராத கடிதத்தை இரண்டு மூன்று தடவை எழுதியவன் நான்காவது தடவை எழுதமாட்டான். அவன் எழுதுவதை நிறுத்தியதற்கு அவனைக் குறைகூறுவது நியாயமன்று.

உத்திரமேரூரையும் அதைச் சுற்றியுள்ள மானாம்பதி, திருப்புலிவனம், சாலவாக்கம், பெருநகர் முதலிய ஊர்களையும் சேர்ந்த குடும்பங்களில், உள்ளே ஒருவர் இருந்தும் கடிதம் எழுதிக் கொடுக்க ஆளில்லாதவர்களுக்காக, கிளை நூலகத்திலோ பள்ளிக்கூடத்திலோ மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, இரண்டு பேர் ஒரு பெஞ்சைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் போதும் என்று நினைக்கிறேன். வந்த கடிதத்தைப் படித்துக் காட்டவும், சொல்வதை மாற்றாமல் அப்படியே எழுதவும் அறிந்த இரண்டு பேர். கேட்டதை வெளியில் சொல்லாதவர்கள். இன்லேண்ட் கடிதம் இரண்டரை ரூபாய், தபால் அட்டை ஐம்பது காசு. வெறும் கடிதத்தாளையும் வேறொரு தபால்தலையையும் உறையில் சேர்த்து வைத்தால் பதில் எழுத வசதியாயிருக்கும். அந்தச் சிறையில் அதற்கு அனுமதி உண்டா என்று முன்னதாக விசாரித்துக்கொள்வது நல்லது. விலாசத்தில் சிறையின் பெயரோடு கைதி எண்ணையும் எழுதவேண்டும். மனு போட்டுப் பார்த்து வந்தவர்களிடம் கேட்டால் அந்த எண் கிடைக்கும்.